புரட்டாசிச் சனியும் காணாமற்போன வளையமும்

நாளை முதல் நீங்கள் வான்காட்சி வண்டியில் ஏறப் போகிறீர்கள். தொலைநோக்கியை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது, வெள்ளவத்தைக் கடற்காற்று அதன் கண்ணாடியைத் தின்னாமல் எப்படிக் காப்பது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்றவளின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி அனுபவியுங்கள்.

இந்த வண்டியில் நான் தமிழில் விளக்கம் சொல்லும் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூட மைதானம், கோயில் மண்டபம், மாடிவீட்டு மொட்டைமாடி என்று இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் தொலைநோக்கிக் குழாயை நிறுத்தி, வந்தவர்களுக்கு வானத்தைக் காட்டுவோம். வானம் எனக்கு அதிகம் தொல்லை தந்ததில்லை. மழை வந்தால் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மனிதர்கள் வந்தால் அப்படிச் சுருட்ட முடியாது, அதுதான் இந்த வேலையின் சங்கடம்.

நான் சொல்லப் போவது என் வேலையின் கடைசிக் காலத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் கொட்டாஞ்சேனையில் நடந்தது. அன்று எனக்கு உதவியாக வந்த கஜன் இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்கோ மிஸ், ஆனா என்னைக் கொஞ்சம் வெள்ளையடிச்சுச் சொல்லுங்கோ" என்றார். வெள்ளையடிக்க மாட்டேன் கஜன். உங்களை எனக்குப் பிடிக்கும், அதனால்தான்.

முதலில் சனியைப் பற்றிக் கொஞ்சம். சனிக்கு வளையம் உண்டென்று எல்லோருக்கும் தெரியும். அந்த வளையம் இடையிடையே நம் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. சனி சாய்ந்த நிலையிலேயே சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முப்பது வருடம் எடுக்கும். அந்த ஒரு சுற்றில் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நம் பக்கமாகத் திரும்பும். சாப்பாட்டுத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தட்டு கையில் இருக்கும், வட்டம் தெரியாது. பூமிகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம் என்னும் அளவுக்கு அகலமான அந்த வளையம், தடிப்பில் பல இடங்களில் சில மாடி உயரம்தான். விளிம்பால் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கீறல் தெரியும், அவ்வளவுதான்.

அது அப்படிப்பட்ட வருடம். எங்கள் வண்டியில் எல்லோருக்கும் அது தெரியும், கஜனுக்கும் தெரியும்.

அன்று மாலை பள்ளிக்கூட மைதானத்து வாசலில் வண்டி நின்றதும் நான் முதலில் கண்டது எங்கள் விளம்பரப் பனரை. விண்கலம் எடுத்த படம் ஒன்றை ஆள் உயரத்துக்கு அடித்திருந்தார்கள். பொன்னிறமாக, தகதகவென்று, அகல விரித்த வளையங்களோடு சனி. கீழே கொட்டை எழுத்தில்: "சனியை நேருக்கு நேர் பாருங்கள்!"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று அது மூக்கைத் தாண்டிவிட்டது.

"கஜன், இது ஆர் எழுதினது?"

"நான்தான் மிஸ். சிங்களத்தில 'கிட்டப் பாருங்கோ' எண்டுதான் இருந்தது. தமிழில அது சப்பெண்டு இருந்துது. அதுதான் கொஞ்சம் உறைப்பா..."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி, மிஸ். சனிக்கிழமை சனியைக் காட்டினா பொருத்தம் எண்டுதான் நாள் குறிச்சனான்."

"அதுவும் என்ன மாதம்?"

அவர் விழித்தார். பெயருக்குச் சைவப் பிள்ளை. கோயிலுக்குப் போவது தேருக்கும் பரீட்சைக்கும் மட்டும். உங்களில் வேறு சமயத்தவர்களும் இருப்பதால் விளக்கிவிடுகிறேன். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகள் சனீஸ்வரனுக்கு உரியவை. அன்று நம்மவர்கள் விரதம் இருந்து, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, தங்கள் மேல் அவருடைய பார்வை விழாமல் இருக்க வேண்டிக்கொள்வார்கள். அவர் சந்நிதியில் யாரும் நேரே நிற்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள். வானியலில் பட்டம் வாங்கிய நானும் வெள்ளவத்தைக் கோயிலில் நேரே நிற்பதில்லை. மனம் என்ன சொன்னாலும் கால் தானாக விலகும். அப்படிப்பட்ட சனத்தை, அப்படிப்பட்ட நாளில், அவரை நேருக்கு நேர் பார்க்க வாருங்கள் என்று நாங்கள் பனர் கட்டிக் கூப்பிட்டிருக்கிறோம். இந்தப் பிழையை வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால் சனம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். செய்தது நாங்கள்.

சனம் வந்திருந்தது, அதுதான் ஆச்சரியம். பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் பாதிப் பேர் வாசலைத் தாண்டவில்லை. கோயிலில் இருந்து நேரே வந்த தாய்மார் திருநீறு காயாத நெற்றியோடு மதிலோரம் நின்று, பிள்ளைகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்தவர்களும் குழாய்க்குக் கிட்ட வரவில்லை. கிழக்கே முகில் கிழிந்தும் மூடியும் விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் சாரதி சுனில் வானத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், வெஸ்ஸ எனவா" என்றார். மழை வருகிறதாம். அதுவும் ஒரு கவலை.

நான் குழாயைச் சனிக்குத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் கஜன் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார். சனம் தயங்குவதைக் கண்டு தன் பிழையைத் தானே சரிக்கட்ட நினைத்தார் போலும்.

"அம்மாமார் ஒருத்தரும் பயப்படத் தேவையில்ல. சனி எண்டது வெறும் காஸ் உருண்டை. கால் வைக்கிறதுக்கு நிலம்கூட அங்க இல்ல. அது உங்களைப் பாக்கிறதும் இல்ல, உங்களுக்கு ஒண்டும் செய்யிறதும் இல்ல. இதெல்லாம் மூடநம்பிக்கை. இந்தக் காலத்திலயும் இப்பிடிப் பயந்துகொண்டு..."

சொன்ன ஒவ்வொன்றும் சரி. சொன்ன விதத்தில் மதிலோரம் நின்ற முகங்கள் எல்லாம் ஒன்றாக இறுகின. ஒரு தாய் குடையை விரித்துக்கொண்டு திரும்பினார், பின்னால் நாலைந்து பேர். அப்போது கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. கத்தவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை. என்ர மனுசனுக்கு ஏழரைச் சனி நடக்கேக்க நான் அவரைக் கட்டட வேலைக்குப் போகவேண்டாம் எண்டு கெஞ்சினனான். அவரும் உங்களை மாதிரித்தான், மூடநம்பிக்கை எண்டு சிரிச்சவர். இரும்புச் சாரம் சரிஞ்சு மேல இருந்து விழுந்தவர். வீட்டுக்கு வரேல்ல."

கஜனின் கையில் ஒலிவாங்கி அப்படியே நின்றது. பேசியவர் கோயிலில் இருந்து திருநீற்றோடு வந்திருந்த, ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண், மட்டக்குளிப் பக்கத்தவர் என்று பிறகு அறிந்தேன். பெயர் மங்கையர்க்கரசி. பக்கத்தில் அவருடைய மகள், இருபத்தைந்து வயது இருக்கும், "அம்மா, விடுங்கோ, சனம் பாக்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தவள் என்னைக் கண்டதும் தாயை அங்கேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், உங்களோட ஒரு நிமிசம் கதைக்கலாமா?"

அவள் பெயர் ஜெயந்தி. துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் பெரிய கிரேன்கள் இருக்கின்றன அல்லவா, ஒட்டகச் சிவிங்கி போல கடலுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பவை. அவற்றை இயக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கிறார்களாம். அவள் விண்ணப்பித்து, கண் பரிசோதனை, உயரப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். திங்கட்கிழமை வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

"எனக்கு இப்பத்தான் ஏழரைச் சனி துவங்கியிருக்கு மிஸ். அம்மாவுக்கு இரும்பு, உயரம், சனி மூண்டும் ஒண்டாச் சேருது. நான் அவவைக் குறை சொல்லேல்ல. அப்பா போன பிறகு வீடு வீடாச் சமைச்சு என்னைப் படிப்பிச்சவ. அவவை அழ வச்சிட்டு நான் போகமாட்டன். ஆனா போகாட்டி, மிஸ், நான் ஆயுசுக்கும் கார்மெண்டில தைச்சுக்கொண்டுதான் இருப்பன்."

"இங்க ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் பிள்ளை?"

அவள் வாசலைக் காட்டினாள். "அந்தப் படத்தப் பாத்திட்டுத்தான். எவ்வளவு வடிவு! இவ்வளவு வடிவான ஒண்டு ஆருக்காவது கெடுதல் செய்யுமா எண்டு அம்மாட்டக் கேக்கலாம் எண்டு நினைச்சன். ஒருக்கா அந்த வளையத்தை அவ தன்ர கண்ணால பாத்தா மனம் இளகும். காட்டுவீங்கள்தானே மிஸ்?"

அந்தப் பிள்ளை தன் ஆயுளையே அந்தப் பாழாய்ப்போன பனரில் கட்டி வைத்திருந்தாள். அன்று குழாய்க்குள் வளையம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

கஜனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது. என்னை ஒரு பக்கமாக இழுத்து, "மிஸ், கமராவைப் பூட்டி லப்டொப்பில காட்டுவம். போன தடவை வளையம் விரிஞ்சிருக்கேக்க நாங்களே எடுத்த வீடியோ கிடக்கு. அதைப் போடுவம். பொய்யில்லை மிஸ், அதுவும் எங்கட குழாயால எடுத்ததுதான். ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை மிஸ்" என்றார்.

இளையவர்களே, இந்த இடத்தில் என்னைப் பெரிய நேர்மைசாலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். ஒரு வீடியோ, ஒரு நிமிடம், தாயின் மனம் இளகும், பிள்ளை வேலைக்குப் போவாள், யாருக்கு என்ன நட்டம்? பிறகு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். மூடநம்பிக்கை என்று சிரித்த புருஷனைப் போகவிட்டு இழந்தவர். ஒரு நாள் யாரோ அவருக்கு, அந்த வருடம் வளையமே தெரியாதே, உனக்கு எதைக் காட்டினார்கள் என்று சொன்னால்? அதற்குப் பிறகு மகள் மேலே ஏறும் ஒவ்வொரு நாளும் அவர் எப்படி மூச்சு விடுவார்? பயத்தைப் பொய்யால் போக்கினால் பொய் உடைகிற அன்று பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வேண்டாம் என்றேன். கஜன் வாதாடவில்லை, அதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும்.

ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

"அம்மாமாரே, அக்காமாரே, முதல்ல மன்னிச்சுக் கொள்ளுங்கோ. வாசல்ல கிடக்கிற பனர் பிழை. புரட்டாசிச் சனியும் அதுவுமா உங்களை நேருக்கு நேர் எண்டு கூப்பிட்டது எங்கட மடைத்தனம். பாக்க விருப்பமில்லாத ஆக்கள் பாக்கத் தேவையில்ல, ஒருத்தரும் கட்டாயப்படுத்தமாட்டம். மற்றது, அந்தப் படத்தில இருக்கிற மாதிரி வளையம் இண்டைக்குத் தெரியாது. இந்த வருசம் அது விளிம்பால திரும்பி நிக்குது. ஒரு சின்ன உருண்டையும் அதுக்குக் குறுக்க ஒரு மெல்லிய கோடும்தான் தெரியும்."

ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நான் அவள் காலை வாரிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். சிலர் "இதுக்கா வந்தனாங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் குடையை விரித்த தாய் மடக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டவளை விட்டுவிட்டுப் போக நம் சனத்துக்கு மனம் வராது.

பிறகு நான் எனக்குத் தெரிந்ததைக் கதைத்தேன். கஜன் சொன்னதையே சொன்னேன், வேறு விதமாக. நிலம் இல்லாத கோளம், உள்ளே இறங்க இறங்க காற்று தடித்துக்கொண்டே போகும், காலுக்கு எதுவும் தட்டாது. பூமியைப் போல எத்தனையோ மடங்கு பெரியது; ஆனாலும் அதைத் தாங்கும் அளவுக்கு ஒரு கடல் இருந்தால் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவு இலேசு. பத்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துத் தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும், அந்த வேகத்தில் இடுப்புப் பிதுங்கி, தலையும் காலும் தட்டையாகிவிட்டது. "வளையம் எண்டு சொல்றது இரும்பு வளையல் இல்ல. ஐஸ். முகத்துவாரத்தில மீன் பெட்டிக்குள்ள நொருக்கிப் போடுவினம் பாருங்கோ, அந்த மாதிரி. தூள் ஐசும் இருக்கு, வீட்டளவு கட்டியும் இருக்கு. எல்லாம் தனித்தனியாச் சுத்துது."

"அப்ப மீன் எங்க மிஸ்?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். மைதானமே சிரித்தது. சிரித்ததும் வரிசை ஒன்று தானாக உருவாகியது. முகிலும் கொஞ்சம் விலகிக் கொடுத்தது.

மங்கையர்க்கரசி வரிசைக்கு வரவில்லை. ஆனால் போகவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, குழாயில் பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் பார்த்துவிட்டுப் போன பிறகு மெல்ல என் பக்கம் வந்தார்.

"மிஸ், குழாய் அங்கால பாக்குது. சனம் இங்கால பக்கத்தில நிண்டு குனிஞ்சு பாக்குது. அது எப்பிடி?"

எங்கள் பெரிய குழாயை நாளை நீங்களே தொடுவீர்கள். அதன் அடியில் ஒரு குழிந்த ஆடி. அது ஒளியைத் திரட்டி மேலே அனுப்பும், மேலே சாய்வாக நிற்கும் சின்ன ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கண் வைக்கும் துளை குழாயின் விலாவில் இருக்கும். இதை நான் ஆயிரம் தடவை விளக்கியிருப்பேன், ஒரு தடவைகூட அதில் என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை. அவருக்கும் அப்படியே விளக்கினேன்.

"அப்ப நேர நிண்டு பாக்கேலாதா?"

"ஏலாது அக்கா. நேர நிண்டா உங்கட தலைதான் மறைக்கும். பக்கத்தாலதான் பாக்கலாம்."

"கோயில்ல நிக்கிற மாதிரி" என்றார் அவர், தனக்குத் தானே சொல்வது போல.

அப்போது என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது: பார்த்தீர்களா, பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளையை விடுங்கள் என்று. கஜனும் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். உண்மையாகவே மிதித்தேன், கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதர் தானாக ஓர் அடி எடுத்து வைக்கும்போது பின்னால் இருந்து தள்ளக் கூடாது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அன்று நான் செய்த மிகக் கடினமான வேலை.

ஜெயந்தி முன்னால் வந்தாள். தாய் அவளைத் தடுத்தார்.

"நீ நில். முதல்ல நான் பாக்கிறன். வாறது ஏதும் இருந்தா எனக்கு வரட்டும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். குழாயின் பக்கத்தில் ஒதுங்கி நின்று, கை இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, குனிந்து கண்ணை வைத்தார். ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் "அக்கா, எங்களுக்கும் விடுங்கோவன்" என்றார்கள். நான் கையைக் காட்டி அடக்கினேன். சுனில் மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

"மிஸ், இது ஏன் நடுங்குது?"

"நடுங்கிறது அது இல்ல அக்கா, எங்கட காத்து. காத்துக்குள்ளால பாக்கிறபடியால் அப்பிடித் தெரியுது."

"பாவம், இத்தினூண்டு. ஊசி குத்தின மாதிரிக் கோடு. இதுதானா அவர்?"

"இதுதான்."

"அதுக்குப் பக்கத்தில ஒரு புள்ளி நிக்குது."

"அதின்ர நிலவு. அதுக்கு நிறைய நிலவு இருக்கு. இண்டைக்கு எங்களுக்கு ஒண்டு ரெண்டுதான் தெரியும்."

"சரியான தூரமோ?"

"நீங்கள் இப்ப பாக்கிற வெளிச்சம், நீங்கள் கோயில்ல கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கயே அங்க இருந்து வெளிக்கிட்டிட்டுது. இப்பத்தான் உங்கட கண்ணுக்கு வந்து சேருது."

"அங்க இருந்து பாத்தா எங்களைத் தெரியுமா?"

"பூமியே ஒரு புள்ளி அக்கா. அதுவும் சூரியனுக்குக் கிட்ட, வெளிச்சத்துக்குள்ள மறைஞ்சு கிடக்கும். தேடிக் கண்டுபிடிக்கிறதே பெரிய பாடு."

அவர் அப்படியே குனிந்திருந்தார். பிறகு கேட்டார், "வளையம் போயிட்டுது எண்டு சொன்னீங்களே, இனி வராதோ?"

"போகேல்ல. எங்களுக்கு விளிம்பு தெரியிற மாதிரித் திரும்பி நிக்குது, அவ்வளவுதான். வாற வருசத்தில இருந்து கொஞ்சம் கொஞ்சமா விரியும். முழுக்க விரிஞ்சு, அந்தப் படத்தில இருக்கிற மாதிரி வடிவாத் தெரியிறதுக்கு ஏழு, ஏழரை வருசம் எடுக்கும்."

வாயில் இருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சத்தியமாக நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. இதில் மாயமும் இல்லை. சனி ஒரு சுற்றுச் சுற்றும் காலத்தில் கால் பங்குதான் வளையம் விளிம்பில் இருந்து முழுதாக விரியும் காலம். பன்னிரண்டு ராசியில் மூன்றைக் கடக்கும் அதே கால் பங்குதான் நம் முன்னோர் சொன்ன ஏழரை வருடமும். அதே மந்தமான நடையைத்தான் அவர்களும் எண்ணினார்கள், நாங்களும் எண்ணுகிறோம். வேலைக்காலம் முழுக்க இரண்டையும் தெரிந்து வைத்திருந்தும் நான் ஒரு நாளும் ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஏழரையா?"

"ஓம் அக்கா. அது எப்பவும் அப்பிடித்தான்."

"அப்ப இவளுக்கு இது துவங்கேக்க மூடிக் கிடக்குது. முடியேக்க முழுக்க விரிஞ்சிருக்கும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது உண்மை, அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது என் வியாக்கியானமாகிவிடும். வியாக்கியானம் அவருடையது, அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டும்தான்.

"பிள்ளை, இங்க வா. பக்கத்தால நில்லு. வடிவாப் பார்" என்றார். ஜெயந்தி குனிந்தாள். தாய் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை; கண்ணீரோடு குழாயில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்தபோது முதல் துளி விழுந்துவிட்டது. கஜன் குழாயின் வாயை மூட ஓடினார். மங்கையர்க்கரசி செருப்பை மாட்டிக்கொண்டு, மகளின் தலையில் தன் சேலைத் தலைப்பைப் போட்டு மூடினார். பிறகு, மழைக்குக் குடை எடுத்துப் போ என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னார்:

"ஏழரை வருசமும் சனிக்கிழமை எள்ளெண்ணெய் நான் எரிக்கிறன். நீ திங்கக்கிழமை போய் ஓம் எண்டு சொல்லு."